காப்பியின் தரமும் இரசாயனமும்

அரிசி வாங்குவோர் மணியைப் பார்க்கின்றனர். நெய் வாங்குவோர் மணத்தைப் பார்க்கின்றனர். காப்பிப் பொடி வாங்குவோர் எதைப் பார்ப்பது? வறுத்து அரைத்த பின்னர் உயர்ந்த கொட்டையும் தாழ்ந்த கொட்டையும் ஏறத்தாழ ஒரே நிறத்தை அடைந்துவிடுகின்றன. கடைப் பலகையில் ‘பிளாண்டேஷன் ஏ’ என்றும், ‘பீபெரி’ என்றும், ‘ரோபஸ்டா’ என்றும் எழுதி, ஒவ்வொன்றிற்கும் வெவ்வேறு விலை குறித்திருப்பர். நாம் அப்பெயரை நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட்டு வருகின்றோம். மும்பையின் மாதுங்காவிலும், தில்லியின் கரோல்பாக்கிலும், கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள், ஊரை விட்டு வந்து இரண்டு மூன்று தலைமுறைகள் கடந்த பின்னரும், இந்தக் கொள்முதலில் மட்டும் எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. அங்ஙனம் நாம் விடாது தேடும் அத்தரம் என்பது யாது? அது கொட்டையினுள் ஒரு பொருளாக இருக்கின்றதா? இருக்குமாயின் அதனைப் பிரித்தெடுத்து நிறுத்துக் காட்ட இயலுமா?

இவ்வினாவிற்கு விடை தேடி இரசாயன அறிஞர்கள் 200 ஆண்டுகளாக உழைத்து வந்துள்ளனர். அவ்வரலாறு வெறும் சோதனைச் சாலை வரலாறு அன்று. தோட்டக்காரர் எந்தச் செடியை நடுவது, வணிகர் எதற்கு எவ்வளவு விலை வைப்பது, அரசாங்கம் எதனைக் கலப்படம் என்று தண்டிப்பது என்னும் பெரிய காரியங்கள் பலவும் அவ்விடையைப் பொறுத்தே அமைந்தன. ஆதலின் அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

காப்பிச் செடியின் பிறப்பிடம் எத்தியோப்பிய மலைக்காடுகள். அதனைப் பயிரிட்டுப் பானமாக உலகிற்கு வழங்கியவர்கள் ஏமன் நாட்டார். பதினேழாம் நூற்றாண்டில் பாபா பூதன் என்னும் பெரியவர் மெக்கா யாத்திரையினின்று திரும்புகையில் ஏழு விதைகளைக் கொணர்ந்து, சிக்கமகளூரை அடுத்த மலையில் ஊன்றினார் என்பது நம் நாட்டில் வழங்கும் மரபுச் செய்தி. அம்மலைத் தொடர் இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. அக்காலத்தில் தரத்தை அறியும் கருவி நாவும் மூக்கும் மட்டுமே. எந்தத் துறைமுகத்தினின்று சரக்கு வந்தது என்பதே அதன் தரத்திற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. ‘மோக்கா’ என்னும் ஏமன் துறைமுகத்தின் பெயர் காப்பிக்கே ஒரு பெயராக நிலைத்தமை இதனால்தான்.

கொட்டையின் உள்ளே புகுந்து பார்க்கும் முயற்சி ஒரு கவிஞரின் தூண்டுதலால் தொடங்கிற்று என்பது வியப்பான செய்தி. ஜெர்மானிய மகாகவி கதே விஞ்ஞானத்திலும் பேரார்வம் உடையவர். 1819-ஆம் ஆண்டில் யேனா நகரில், ரூங்கே என்னும் இளம் இரசாயன மாணவர், பெல்லடோனா என்னும் நச்சுச் செடியின் சாறு பூனையின் கண்மணியை எவ்வாறு விரியச் செய்கின்றது என்பதைக் கதேயின் முன் செய்து காட்டினார். அதனைக் கண்டு மகிழ்ந்த கதே, தம்மிடமிருந்த காப்பிக் கொட்டைகளைப் பரிசாக அளித்து, “இவற்றையும் ஆராய்ந்து பாரும்” என்ற கருத்துப்பட ஊக்கினார். ரூங்கே அவ்வாறே ஆராய்ந்து, வெண்ணிற ஊசிகளாகப் படியும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். அதுவே காபீன். 1821-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர்களான ரோபிகே, பெல்லெத்தியே, காவந்து ஆகியோரும் தனித்தே ஆராய்ந்து அதே பொருளைக் கண்டனர். 1827-இல் தேயிலையினின்று ‘தீயின்’ என்ற பெயரில் ஒரு பொருள் எடுக்கப்பட்டது. 1838-இல் அதுவும் காபீனும் ஒன்றே எனத் துணியப்பட்டது. தேநீர்க் கட்சியும் காப்பிக் கட்சியுமாகப் பிரிந்து வாதிடும் இல்லங்கள் இதனைக் கருத்திற் கொள்ளல் நலம்!

8 கரி அணுக்கள், 10 ஹைட்ரஜன் அணுக்கள், 4 நைட்ரஜன் அணுக்கள், 2 பிராணவாயு அணுக்கள் கூடி அமைவது காபீன். அதன் உள்ளமைப்பைத் தெளிவாக்கி, சோதனைச் சாலையிலேயே அதனை ஆக்கிக் காட்டியவர் எமில் பிஷர். இது 1890-களில் நிகழ்ந்தது. சர்க்கரைகளையும், காபீன் சேர்ந்த பியூரின் குடும்பத்தையும் பற்றிய ஆராய்ச்சிக்காக அவருக்கு 1902-ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

காப்பியின் உயிர் காபீனே என்று அக்காலத்தார் எண்ணியது இயல்பே. சோர்வை நீக்குவதும், உறக்கத்தை ஓட்டுவதும் அதுதான். எனவே காபீன் மிகுந்த கொட்டையே உயர்ந்த கொட்டை என்று ஒருவர் முடிவு கட்டினால் அதில் தவறு காண்பது கடினம். ஆயினும் இரண்டு நிகழ்ச்சிகள் அம்முடிவைத் தகர்த்தன.

முதலாவது, காபீன் இல்லாத காப்பி. ஜெர்மனியின் பிரெமன் நகரத்து வணிகரான லூத்விக் ரோசேலியுஸ், பச்சைக் கொட்டையினின்று காபீனை நீக்கும் முறையைக் கண்டு, 1906-இல் அதற்கென ஒரு நிறுவனத்தையும் தொடங்கினார். அவர் கையாண்ட பென்சீன் என்னும் கரைப்பான் உடல்நலத்திற்குத் தீங்கானது என்று பின்னர்க் கைவிடப்பட்டது. இன்று நீரும், அழுத்தமூட்டிய கரியமில வாயுவும், வேறு சில கரைப்பான்களும் அப்பணியைச் செய்கின்றன. நாம் இங்குக் கருத வேண்டியது வேறு. காபீன் நீங்கிய பின்னரும் அப்பானம் காப்பியாகவே மணந்தது. கைப்பும் பெரிதும் குறையவில்லை. காப்பியின் கைப்பில் காபீனின் பங்கு சிறிதே என்பது இதனால் விளங்கிற்று.

இரண்டாவது நிகழ்ச்சி நம் அண்டையில் தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இலங்கை ஒரு பெரிய காப்பி நாடு. தமிழகத்தினின்று கடல் கடந்து சென்ற கூலித் தொழிலாளர்களின் உழைப்பால் அதன் மலைகள் காப்பித் தோட்டங்களாயின. 1869-ஆம் ஆண்டில் இலைகளின் அடிப்புறத்தில் மஞ்சட் பொடி பூத்தாற் போன்ற ஒரு நோய் தோன்றிற்று. ‘இலைத் துரு’ என்னும் இப்பூஞ்சை நோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இலங்கைக் காப்பியை ஏறக்குறைய அழித்துவிட்டது. தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. தென்னிந்தியத் தோட்டங்களையும் அந்நோய் பற்றியது. அழிந்தது அராபிகா என்னும் உயர்வகைச் செடி. அதற்கு மாற்றாக ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டினின்று ஒரு வன்மையான செடி தேடிக் கொணரப்பட்டது. ‘ரோபஸ்டா’ என்ற பெயரே வலிமை உடையது என்று பொருள்படும். 1900-ஆம் ஆண்டை ஒட்டி டச்சுக்காரர்கள் அதனைச் ஜாவாவில் நட்டனர். விரைவில் அது இந்தியாவிற்கும் வந்தது.

இரசாயன அறிஞர்கள் இவ்விரு கொட்டைகளையும் அருகருகே வைத்து ஆராய்ந்தபொழுது உண்மை தெளிவாயிற்று. பச்சைக் கொட்டையில் காபீன் அராபிகாவில் ஏறத்தாழ 1.2 சதவிகிதம், ரோபஸ்டாவில் ஏறத்தாழ 2.2 சதவிகிதம். விலையிலோ சுவையிலோ அராபிகாவே மேலாகக் கொள்ளப்படுவது. காபீன்தான் தரம் எனின் ரோபஸ்டா அன்றோ இருமடங்கு விலை பெற்றிருக்க வேண்டும்? காபீன் காப்பியின் வலிமையே ஆகும், அதன் சுவையன்று.

காபீனையும், அடுத்து நாம் காணப்போகும் குளோரோஜெனிக் அமிலத்தையும் செடி நமக்காக ஆக்கவில்லை. பூச்சிகளையும் நுண்ணுயிர்களையும் எதிர்க்க உதவும் தற்காப்புப் பொருள்களாகவே அவை செடியில் அமைந்துள்ளன. துரு நோயைத் தாங்கும் ஆற்றலுக்கு வேறு பரம்பரைக் காரணங்களும் உண்டு. எங்ஙனமாயினும் வன்மையுடைய செடியின் கொட்டை வன்மையாகவே சுவைக்கின்றது. நோய்க்குத் தப்பும் செடியா, நாவிற்கு இனிய செடியா என்பதே இந்த 150 ஆண்டுகளாகத் தோட்டக்காரர்களை வாட்டி வரும் இக்கட்டு. மைசூர் அரசு 1925-இல் பாலெஹொன்னூரில் நிறுவிய ஆராய்ச்சி நிலையம் இவ்விக்கட்டைத் தீர்க்கவே பாடுபட்டது. அங்கு உருவாக்கப்பட்டு 1940-களில் தோட்டங்களுக்கு வழங்கப்பட்ட ‘எஸ். 795’ என்னும் அராபிகா வகை, லைபீரிகா என்னும் வேறொரு காப்பியினத்தின் உறுதியையும், ‘கென்ட்’ என்னும் அராபிகா வகையின் நற்சுவையையும் ஒன்றுசேர்க்க முயன்றதன் பயன். காலப்போக்கில் துருப் பூஞ்சை தன் இயல்பை மாற்றிக்கொண்டு அதனையும் தாக்கலாயிற்று எனினும், சுவையின் பொருட்டு இன்றளவும் அதனைக் கைவிடாத தோட்டங்கள் பலவாகும். எனினும் நம் நாட்டு விளைச்சலில் 100-க்கு ஏறக்குறைய 70 பங்கு இன்று ரோபஸ்டாவே. ஒன்று மட்டும் சொல்லத் தகும்: பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன் ரோபஸ்டா இனமும் இயூஜெனியாய்டிஸ் என்னும் மற்றோர் இனமும் காட்டில் தாமே கலந்ததனால் பிறந்ததே அராபிகா என்று மரபணு ஆராய்ச்சி காட்டுகின்றது. தாழ்ந்தது என்று நாம் ஒதுக்கும் ரோபஸ்டா, உயர்ந்த அராபிகாவின் பெற்றோருள் ஒருவர்!

இனி அமிலத்தைக் காண்போம். பிரெஞ்சு அறிஞர் அன்செல்ம் பாயன், 1840-களில் காப்பிக் கொட்டையில் மிகுதியாக உள்ள ஓர் அமிலத்திற்குக் குளோரோஜெனிக் அமிலம் என்று பெயரிட்டார். பெயரைக் கேட்டுக் குளோரின் என்னும் நச்சுவாயு அதில் உள்ளது என அஞ்ச வேண்டுவதில்லை. காரத்தோடும் காற்றோடும் சேருங்கால் பச்சை நிறம் தருவதால், பச்சையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு அமைந்த பெயர் அது. பச்சைக் கொட்டையின் எடையில் அராபிகாவில் 6 முதல் 8 சதவிகிதம் வரையிலும், ரோபஸ்டாவில் அதனினும் மிகுதியாகவும் இது காணப்படும். காபீனை விடப் பல மடங்கு மிகுந்த பொருள் இது என்பது கருதத்தக்கது.

அறுசுவையைப் பகுத்துணர்ந்த மொழி நம்முடையது. கைப்பு வேறு, துவர்ப்பு வேறு, புளிப்பு வேறு என்று நம் நா பழகியுள்ளது. காப்பியை ஆராய இப்பகுப்புப் பெரிதும் உதவும். குளோரோஜெனிக் அமிலம் தருவது முதன்மையாகத் துவர்ப்பு. வறுக்கும்பொழுது அதில் பாதிக்கு மேல் சிதைந்துவிடும். சிதைந்த பகுதிகளே கைப்பைப் பிறப்பிக்கின்றன. 2007-இல் ஜெர்மானிய அறிஞர் தாமஸ் ஹோப்மனும் அவர்தம் குழுவினரும் இதனை விளக்கினர்: நடுத்தர வறுவலில் குளோரோஜெனிக் அமிலத்தினின்று ‘லாக்டோன்’ என்னும் பொருள்கள் தோன்றி இதமான கைப்பைத் தருகின்றன; வறுவல் கருகக் கருக அவை மேலும் சிதைந்து ‘பினைல் இண்டேன்’ என்னும் பொருள்களாகிக் கடுமையான, நாவில் ஒட்டி நிற்கும் கைப்பைத் தருகின்றன. கருக வறுத்த பொடி ‘ஸ்டிராங்’ என்று விற்கப்படுவதை நாம் அறிவோம். அது வலிமை அன்று. அமிலம் எரிந்த கைப்பே. காபீன் வறுவலில் பெரும்பாலும் மாறாது நிற்பது.

நம்மவர் காப்பியில் பால் சேர்ப்பதற்கும் இங்கே ஒரு காரணம் கிடைக்கின்றது. துவர்ப்புப் பொருள்கள் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையவை. பாலில் உள்ள கேசீன் என்னும் புரதம் அவற்றைத் தன்னோடு பிணைத்துக்கொள்வதால் நாவில் துவர்ப்புத் தணிகின்றது. திடமான டிகாக்‌ஷனும் கெட்டியான பாலும் ஒன்றையொன்று வேண்டி நிற்பன என்பதைக் கும்பகோணத்து ஓட்டல்காரர்கள் இரசாயனம் படியாமலே அறிந்திருந்தனர். பாலின் கெட்டித் தன்மையைப் பால்மானியால் ‘டிகிரி’ பார்த்த வழக்கத்தினின்றே ‘டிகிரி காப்பி’ என்ற பெயர் வந்தது என்போரும் உளர். சிக்கரி என்ற சொல்லே திரிந்தது என்போரும் உளர்.

மூன்றாவதாக ஒரு பொருள் உண்டு. 1885-ஆம் ஆண்டில் வெந்தயத்தினின்று ஒரு புதிய பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. வெந்தயத்தின் தாவரவியற் பெயரை ஒட்டி அதற்கு ‘டிரைகோனெல்லின்’ என்று பெயர் அமைந்தது. அதே பொருள் காப்பிக் கொட்டையிலும் ஏறத்தாழ 1 சதவிகிதம் இருப்பது பின்னர் அறியப்பட்டது. ரோபஸ்டாவை விட அராபிகாவில் பொதுவாகச் சற்று மிகுதி. வறுவலில் இது பெரும்பாலும் சிதைந்து, ஒரு பகுதி நியாசின் என்னும் உயிர்ச்சத்தாகவும், மற்றொரு பகுதி மணப்பொருள்களாகவும் மாறுகின்றது. நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் வெந்தயத்திற்கும் பில்டரில் இறங்கும் டிகாக்‌ஷனுக்கும் இத்தகையதோர் உறவு இருக்கின்றது.

இவற்றோடு சர்க்கரையையும் எண்ணெயையும் சேர்த்துப் பார்த்தால் படம் நிறைவெய்தும். பச்சை அராபிகாவில் கரும்புச் சர்க்கரையின் இனமான சுக்ரோஸ் 6 முதல் 9 சதவிகிதம். ரோபஸ்டாவில் அதனினும் குறைவு. எண்ணெய்ப் பொருள் அராபிகாவில் ஏறத்தாழ 15 சதவிகிதம். ரோபஸ்டாவில் ஏறத்தாழ 10 சதவிகிதம். தற்காப்புப் பொருள்கள் மிகுந்தது ஒன்று. சர்க்கரையும் எண்ணெயும் மிகுந்தது மற்றொன்று. இவ்வேறுபாடே விலை வேறுபாட்டின் அடிப்படை.

ஆயினும் இத்தனை பொருள்களையும் வரிசையாகச் சொல்லி முடித்த பின்னரும், காப்பியின் பெருஞ்சிறப்பாகிய மணத்தைப் பற்றி நாம் ஒன்றும் கூறவில்லை. காரணம் யாதெனின், பச்சைக் கொட்டையில் அம்மணம் இல்லவே இல்லை. பச்சைக் கொட்டையை முகர்ந்தால் காய்ந்த பயற்றின் வாடையே வீசும். மணம் முழுவதும் வறுவலில் பிறப்பது. 200 பாகை சென்டிகிரேடும் அதற்குச் சற்று மேலும் உள்ள வெப்பத்தில், சர்க்கரையும் அமினோ அமிலங்களும் கலந்து பழுப்பு நிறத்தையும் மணத்தையும் ஆக்குகின்றன. இம்மாற்றத்தை 1912-இல் விளக்கியவர் லூயி கமில் மையார் என்னும் பிரெஞ்சு அறிஞர். தோசை முறுகுவதும், ரொட்டி சிவப்பதும் இதே மாற்றத்தின் விளைவுகளே. கொட்டையில் இருந்த சர்க்கரை ஏறத்தாழ முற்றும் மறைகின்றது. மறைந்த சர்க்கரைதான் மணமாக வெளிப்படுகின்றது எனின் பெரும்பாலும் பொருந்தும்.

அம்மணத்தை ஆக்கும் பொருள்கள் எவை என்று முதலில் முறையாகத் தேடியவர்கள் சூரிக் நகரில் பணியாற்றிய ஸ்டாடிங்கரும் ரைக்ஸ்டைனும் ஆவர். 1920-களில் அவர்கள் வறுத்த காப்பியின் ஆவியைக் குளிரச் செய்து பகுத்தனர். ரைக்ஸ்டைன் இப்பணியில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளைச் செலவிட்டார். செயற்கைக் காப்பி மணம் ஒன்றை ஆக்கிவிடலாம் என்பது அப்பொழுதைய எதிர்பார்ப்பு. அவர்கள் கண்ட பொருள்களுள் தலையாயது கந்தகம் சேர்ந்த ‘பர்பூரில் மெர்காப்டன்’. மிகுதியாக இருப்பின் மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றம். நீரில் நினைத்தற்கரிய சிறு அளவில் கரைந்திருப்பின் நாம் விரும்பும் காப்பி மணம். இவ்விருவரும் பின்னர் வேறு ஆராய்ச்சிகளுக்காக நோபல் பரிசு பெற்றனர். ரைக்ஸ்டைன் 1950-இலும், ஸ்டாடிங்கர் 1953-இலும். எனினும் காப்பி மணத்தை அவர்களால் முழுமையாகப் படைத்துவிட முடியவில்லை. வறுத்த காப்பியில் ஆவியாகும் பொருள்கள் 800-க்கும் மேற்பட்டவை என்று இன்று அறிகின்றோம். ஒன்று மட்டும் காப்பியன்று. எல்லாம் தத்தம் அளவில் கூடியதே காப்பி.

இப்பொருள்களுள் பல விரைந்து பறந்துவிடுவன. எஞ்சியவை காற்றிலுள்ள பிராணவாயுவால் கெடுவன. முற்காலத்தில் வீட்டிலேயே கொட்டையை வறுத்து, கைமெஷினில் அன்றன்று அரைத்த நம் பாட்டிமார் செய்தது இரசாயன முறைப்படி மிகச் சரியான காரியம். ஊரினின்று ஆறு மாதத்திற்குரிய பொடியை மொத்தமாகக் கொணர்ந்து தகர டப்பாவில் அடைத்து வைப்போர், பொடியை வைத்துக்கொண்டு மணத்தை இழந்துவிடுகின்றனர்.

மணத்தை ஆக்கும் வழியைப் போலவே கெடுக்கும் வழியையும் இரசாயனம் கண்டறிந்துள்ளது. பழுக்காத காயும், கறுத்த கொட்டையும், புளித்துப்போன கொட்டையும் சிறிதளவு கலந்தாலும் ஒரு மூட்டை முழுவதும் கெடும். பிரேசில் நாட்டில் ‘ரியோ’ என்று பெயர் பெற்ற மருந்து நாற்றம் ஒன்று காப்பியில் நெடுங்காலமாக அறியப்பட்டது. டிரைக்ளோரோ அனிசோல் என்னும் பொருள் அதற்கு ஒரு முதற்காரணம் எனப் பின்னர் விளங்கிற்று. பூஞ்சைகளின் செயலோடு தொடர்புடையது அது. 2006-இல் அட்ரியானா பாரா என்னும் பிரேசில் நாட்டு அறிஞரும் அவர்தம் குழுவினரும், சுவைப்பார் தந்த மதிப்பையும் சோதனைச் சாலை தந்த அளவையும் ஒப்பிட்டு ஒரு முடிவை வெளியிட்டனர். டிரைகோனெல்லினும், குளோரோஜெனிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு குறிப்பிட்ட அமிலமும் மிகுந்த கொட்டைகள் நல்ல மதிப்பைப் பெற்றன. காபீனுக்கும் நல்ல மதிப்பிற்கும் இருந்த தொடர்பு அத்துணை வலியதாக இல்லை. அதே குளோரோஜெனிக் குடும்பத்தின் வேறு சில அமிலங்கள் மிகுந்தவை தாழ்ந்த மதிப்பையும் ரியோ நாற்றத்தையும் பெற்றன. ஒரே குடும்பத்தில் பிறந்த அமிலங்களுள் ஒன்று நற்பெயரும் மற்றொன்று தீப்பெயரும் பெற்றதைக் காணும்பொழுது, ‘அமிலம் கூடினால் நன்று’ என்றோ ‘குறைந்தால் நன்று’ என்றோ ஒரு வரியில் விதி கூறுவது எத்துணைத் தவறு என்பது புலனாகும்.

‘கெடுதல்’ என்று ஒரு காலத்தில் கருதக்கூடியதே தரமாக மதிக்கப்பட்ட விந்தையும் நம் நாட்டில் உண்டு. பாய்மரக் கப்பல்களின் காலத்தில், மேற்குக் கடற்கரையினின்று ஐரோப்பா சென்ற காப்பி பல மாதங்கள் கடற்காற்றின் ஈரத்தில் கிடந்து வெளிறி மஞ்சளித்தது, புளிப்பும் குறைந்தது. அச்சுவைக்கே அங்குள்ளோர் பழகிவிட்டனர். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்து, நீராவிக் கப்பல்கள் விரைந்து சென்றபொழுது, பச்சை மாறாது வந்த காப்பியை அவர்கள் விரும்பவில்லை. ஆகவே வணிகர்கள் மங்களூர்க் கரையில் திறந்த கிடங்குகளில் கொட்டையைப் பரப்பி, தென்மேற்குப் பருவக் காற்றின் ஈரத்தை ஊட்டி, அப்பழைய சுவையை வேண்டுமென்றே ஆக்கினர். ‘மான்சூண்டு மலபார்’ என இன்றும் புகழுடன் ஏற்றுமதியாகும் சரக்கு இதுவே. தரம் என்பதில் பொருளின் இயல்போடு குடிப்போரின் பழக்கமும் கலந்திருக்கின்றது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

கொட்டை எத்துணை உயர்ந்ததாயினும் இறக்கும் முறை பிழைத்தால் பயனில்லை. 1950-களில் அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் எர்னஸ்ட் லாக்கார்ட், வறுத்த பொடியில் நீரில் கரையக்கூடியது ஏறத்தாழ 30 சதவிகிதமாயினும், அதில் 18 முதல் 22 சதவிகிதம் வரையில் இறங்கிய காப்பியையே பெரும்பாலோர் விரும்பினர் எனக் கண்டார். குறைந்தால் புளிக்கும், கூடினால் கைக்கும். முன்னர் கரைவன புளிப்பும் மணமும். பின்னர் கரைவன கைப்பும் துவர்ப்பும். இரண்டாம் டிகாக்‌ஷன் ஏன் முதல் டிகாக்‌ஷனைப் போல் இராது என்பதற்கு விடை இதுவே.

நீரும் வாளா இருப்பதில்லை. 2014-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, நீரில் கரைந்துள்ள மக்னீசியம், கால்சியம் முதலிய உப்புகள் காப்பியின் சுவைப் பொருள்களை இழுத்தெடுப்பதில் பங்கு கொள்கின்றன என்றும், பைகார்பனேட் மிகுந்தால் அது புளிப்பை அடக்கிவிடும் என்றும் எடுத்துக்காட்டியது. ஊரிலிருந்து அதே கடையின் அதே பொடியைத் தருவித்தும், ‘நம் ஊர்க் காப்பி போல் இல்லையே’ என்று அயல் மாநிலத்தில் பலர் வருந்துவதைக் கேட்கின்றோம். அது வெறும் ஏக்கம் மட்டும் அன்று. ஆற்று நீரில் இறங்கிய காப்பியும் ஆழ்கிணற்றின் கடின நீரில் இறங்கிய காப்பியும் உண்மையிலேயே வேறானவை. கடின நீர் வழங்கும் நகரங்களில், உப்பு நீக்கிய நீரையும் குழாய் நீரையும் கலந்து பார்ப்பது பயன் தரும். உப்பு முற்றும் நீங்கிய நீரும் சப்பென்ற காப்பியையே தரும்.

இறுதியாகச் சிக்கரி. நெப்போலியன் 1806-இல் ஆங்கிலக் கப்பல்களைத் தடுத்தபொழுது, காப்பி கிடைக்காத ஐரோப்பியர் சிக்கரிக் கிழங்கை வறுத்துப் பருகலாயினர். அதில் காபீன் இல்லை. இனுலின் என்னும் மாச்சத்து வறுபட்டு நிறத்தையும் இனிப்புக் கலந்த கைப்பையும் தருகின்றது. அளவாகச் சேர்ந்தால் டிகாக்‌ஷன் கெட்டியாகும். பலர் அதனை விரும்பியே கேட்பர். அளவு மீறினால் அது வஞ்சகம். காப்பி சிக்கரிக் கலவையில் காப்பி 51 சதவிகிதத்திற்குக் குறையலாகாது என்றும், இரண்டின் அளவையும் உறையில் அச்சிட வேண்டும் என்றும் நம் நாட்டு உணவுச் சட்டம் விதிக்கின்றது. இதனைச் சோதிக்க, கலவையில் காபீன் 0.6 சதவிகிதத்திற்குக் குறையாதிருத்தல் வேண்டும் என்பது ஒரு விதி. சற்றுக் கணக்கிட்டுப் பாருங்கள். 1.2 சதவிகிதக் காபீன் உள்ள அராபிகா பாதியளவு சேர்ந்தால் 0.6 கிடைக்கும். 2.2 சதவிகிதக் காபீன் உள்ள ரோபஸ்டாவாயின், 30 பங்கு சேர்ந்தாலே அவ்வளவு கிடைத்துவிடும். காபீன் என்னும் ஒற்றை அளவுகோலை நம்பினால் 70 பங்கு கிழங்கையும் காப்பி என்று விற்றுவிடலாம்! எனவேதான் சட்டம் நீரில் கரையும் பொருளின் அளவையும் உடன் பார்க்கின்றது. சிக்கரி காப்பியை விட மிகுதியாகக் கரைவது. 200 ஆண்டு ஆராய்ச்சி கற்பித்த பாடம் இங்கு நேரே நம் பணப்பைக்குப் பயன்படுகின்றது.

இல்லத்தில் செய்யத்தக்க எளிய சோதனையும் ஒன்றுண்டு. ஒரு கண்ணாடித் தம்ளரில் குளிர்ந்த நீரை நிரப்பி, ஒரு சிட்டிகைப் பொடியை மேலே தூவுக. காப்பித் தூள் எண்ணெய்ப் பசையால் சிறிது நேரம் மிதக்கும். சிக்கரித் தூள் பழுப்புக் கோடுகளை இழுத்துக்கொண்டு விரைவில் அடியில் இறங்கும்.

இரசாயனம் காப்பியின் தரத்தை அளந்துவிட்டதா என்று கேட்டால், வலிமையை அளந்தது, துவர்ப்பையும் கைப்பையும் பிரித்துக் காட்டியது, கலப்படத்தைப் பிடித்தது, நாற்றத்தின் காரணத்தைச் சொன்னது. நல்ல காப்பி எது என்ற தீர்ப்பை மட்டும் இன்னும் சுவைப்பாரிடமே விட்டு வைத்துள்ளது. இன்றும் ஏற்றுமதிச் சரக்கை மதிப்பிடுவோர் கருவிகளோடு கிண்ணங்களையும் வரிசையாக அடுக்கி, உறிஞ்சிப் பார்த்தே மதிப்பெண் இடுகின்றனர். ஆதலின் அடுத்த முறை கடைக்குச் செல்லுங்கால் பெயரையும் விலையையும் மட்டும் பாராது, அராபிகா எத்தனை பங்கு, ரோபஸ்டா எத்தனை பங்கு, சிக்கரி எவ்வளவு, வறுத்த நாள் எது என்று கேட்டு வாங்குங்கள். சிறிது சிறிதாக வாங்குங்கள். காற்றுப் புகாத பாத்திரத்தில் வையுங்கள். எஞ்சியதை நம் முன்னோர் பழக்கிவைத்த நாவே பார்த்துக்கொள்ளும்.